பாட்டி எந்த ரூமில் படுத்துக்கறாங்க?

டாக்டர் இப்படிக் கேட்டதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மாமியாருக்குத் திடீர் மயக்கம். பாத்ரூம் போய்விட்டு வந்தவர் கட்டில் பக்கத்தில் அப்படியே சரிந்துவிட்டார். பிரஷர் பார்ப்பார், சுகர் பார்ப்பார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்பார் என்று நினைத்துப் போனால், மனிதர் ரூமைப் பற்றி விசாரிக்கிறார்!

"மாடியில டாக்டர். அவங்களுக்காகவே புதுசா கட்டினது. அட்டாச்டு பாத்ரூம் இருக்கு" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான்.

"மேற்குப் பக்கமா?"

"ஆமா..."

"அதுக்கு மேல வெறும் மொட்டை மாடிதானே?"

"ஆமா டாக்டர்."

அவர் தலையை ஆட்டியபடி எழுத ஆரம்பித்தார். 2024 மே மாதம். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த நேரம். அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. பிரஷருக்கு அவர் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று சிறுநீரை அதிகம் வெளியேற்றக்கூடியது. வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். வியர்வையும் முன்போல் சுரக்காது. இப்படிப்பட்டவரை ராத்திரியும் பகலும் சூடான ரூமில் போட்டு வைத்தால் உடம்பில் தண்ணீரும் குறையும், உப்பும் குறையும், ஒருநாள் இப்படித்தான் சாய்ந்துவிடுவார்கள் என்று டாக்டர் விளக்கினார். (இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெயில் காலத்தில் அளவை மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவ்வளவுதான்.)

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "மருந்து எழுதியிருக்கேன். ஆனா முதல்ல ரூமை மாத்துங்கம்மா."

அன்று ராத்திரி பத்து மணிக்கு நான் அந்த மாடி ரூமுக்குப் போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சூரியன் மறைந்து மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது சுவர்! ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஃபேன் என்ன செய்யும்? இருக்கிற காற்றைத்தானே சுழற்றும். நாலு பக்கச் சுவரும் தலைக்கு மேலே கான்கிரீட்டும் உடம்பின் மேல் வீசும் அனலை அதால் தடுக்க முடியாது.

எனக்குக் குறுகுறுத்தது வேறொரு விஷயம். 2021-ல் அந்த ரூம் கட்டி முடித்து, பால் காய்ச்சி, அத்தையை மேலே அழைத்துப்போய்க் காட்டினோம். ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது ஒரே வரி: "எல்லாம் நல்லாருக்கும்மா... காத்துதான் இல்ல."

நாங்கள் சிரித்தோம். "ஏ.சி. போட்டுக்கலாம் அத்தை" என்றோம். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவர், காற்றைப் பற்றிச் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. பிளான் போட்டவர் கேட்கவில்லை, மேஸ்திரி கேட்கவில்லை. அவர்களைச் சொல்லி என்ன? நாங்களே கேட்கவில்லை!

பிளான் போட்ட நாளில் நாங்கள் என்னவெல்லாம் பேசினோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். எலிவேஷன் எப்படி வரும், டைல்ஸ் இரண்டுக்கு இரண்டா, இரண்டுக்கு நாலா, பாத்ரூம் குழாய் என்ன பிராண்ட், முன்பக்கம் கண்ணாடி வைக்கலாமா... வெயில் எந்தப் பக்கம் அடிக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வீடு என்பது போட்டோவில் எப்படி விழும் என்பதுதான் எங்கள் கவலையாக இருந்திருக்கிறது. அதற்குள்ளே நாள் முழுக்க ஒரு உடம்பு இருக்கப்போகிறது என்கிற நினைப்பே இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். வீட்டு பிளான் என்பது இன்ஜினீயர் சமாசாரம் மட்டுமல்ல. அது நம் குடும்பத்தின் ஆரோக்கிய சமாசாரம். பகலில் அதிக நேரம் வீட்டில் இருப்பவர் யாரோ, பாட்டியோ, கைக்குழந்தைக்காரியோ, சமையல்கட்டில் நிற்பவரோ, அவர்தான் பிளானை முதலில் பார்க்க வேண்டியவர்.

சூரியன் எந்தப் பக்கம்?

சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சூரியன் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும், உச்சி வேளையில் நேராகத் தலைக்கு மேலே வந்துவிடும். ஆக, கோடையில் நம் வீட்டின் எந்தப் பாகம் அதிக வெயில் குடிக்கிறது? சுவர் அல்ல, கூரை! நாம் என்ன செய்கிறோம்? சுவருக்கு விலை உயர்ந்த பெயின்ட் அடிக்கிறோம், மொட்டை மாடியைச் சாம்பல் நிற சிமென்ட்டாகவே விட்டுவிடுகிறோம்.

அடுத்தது மேற்குச் சுவர். தெற்குப் பக்க ஜன்னலுக்கு இரண்டடி சன்ஷேட் போட்டால் கோடை உச்சி வெயில் உள்ளே வராது. அதே இரண்டடி சன்ஷேட்டை மேற்கு ஜன்னலுக்கும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். மே மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த சன்ஷேட்டின் நிழல் ஜன்னலில் ஒன்றரை அடிகூட இறங்காது. மீதி முழுக்க வெயில் நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். சாய்ந்து வரும் வெயிலை மேலே நீட்டின பலகை தடுக்காது. குறுக்கே ஏதாவது நிற்க வேண்டும்: மரம், கொடி, தாழ்வாரம், மூங்கில் தட்டி. இல்லாவிட்டால் மேற்கில் யாரும் படுக்காத சமாசாரங்களை வைத்துவிடலாம். மாடிப்படி, பாத்ரூம், ஸ்டோர் ரூம். செலவே கிடையாது. பிளான் காகிதத்தில் பென்சிலால் இடம் மாற்றினால் போதும்.

உள்ளே கெட்டியாகத் திரை தொங்கவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலின் சூட்டில் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கும், திரை அதை வாங்கி ரூமுக்கே கொடுக்கும். மறைப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வராந்தாவில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்களே, அது வெளியே கட்டியதுதான்.

இனி காற்று. சென்னையில் கோடை மதியத்தில் கடற்காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கோவைக்காரர்களுக்குக் கதை வேறு, அவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். திருநெல்வேலிப் பக்கமும் மேற்குத்தான், அதிலும் தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் காலத்தில் கேட்கவே வேண்டாம். ஆக, சென்னையில் போட்ட பிளானை அப்படியே கோவையில் கட்டினால் காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கும் வீடு. ஊருக்கு ஊர் தோசையே மாறுகிறது, வீடு மாறக்கூடாதா?

இன்னொன்று, காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் பற்றாது, வெளியே போகவும் ஒரு வழி வேண்டும். எங்கள் மாடி ரூமில் ஜன்னல் ஒரே ஒரு பக்கம். அதுவும் இழுத்துத் திறக்கிற ஸ்லைடிங் ஜன்னல். இந்த ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறதே, இது ஒரு மோசடி! நாலடிக்கு நாலடி ஜன்னலுக்குப் பணம் கொடுக்கிறோம். திறந்தால் பாதிதான் திறக்கும். மீதிப் பாதியைக் கண்ணாடி அடைத்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் கொசுவலை வேறு, வந்த காற்றில் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். நமது தேசியக் கட்டட விதித் தொகுப்பு என்ன சொல்கிறது தெரியுமா? புழுக்கமான ஊர்களில் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது காற்றுக்கான திறப்பு வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு ரூம் என்றால் இருபது சதுர அடி. எங்கள் ரூமில் நிஜமாகத் திறந்தது எட்டு! ஒரு கீல் வைத்த பழைய இரட்டைக் கதவு ஜன்னலாக இருந்தால் பதினாறும் கிடைத்திருக்கும்.

பழைய வீடுகளில் கூரையை ஒட்டி, கயிறு கட்டி இழுக்கிற வென்டிலேட்டர் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? சூடான காற்று மேலே போகும் என்பதை அறிந்து வைத்தது. இப்போது லாஃப்ட் கட்டவும் பால்ஸ் சீலிங் போடவும் அதை மூடிவிட்டோம். சூடு மேலேயே தேங்கி நிற்கிறது. ஃபேன் அதை இறக்கி நம் தலையில் ஊற்றுகிறது.

வாஸ்துவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தென்கிழக்கு மூலையில்தான் சமையல்கட்டு என்று சென்னையில் கட்டிவிட்டு, கடற்காற்று அடிக்கும்போதெல்லாம் தாளிப்புப் புகை ஹாலுக்கு வருகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்களை எனக்குத் தெரியும். மூலை மாற மனசு இல்லாவிட்டால், அடுப்புக்கு மேலே எக்ஸாஸ்ட் ஃபேனையாவது ஒழுங்காக வையுங்கள். பகலெல்லாம் அந்தப் புகையில் நிற்பவரின் நுரையீரலுக்கு வாஸ்து தெரியாது.

மலையை வெட்டாமல் ஒரு வீடு

இதெல்லாம் பழைய காலக் கதை, இன்றைக்கு நடக்காது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு லாரி பேக்கரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 1945-ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைக் கட்டடங்களைக் கவனிக்க இந்தியாவுக்கு வந்தார். ஒரு டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு இமயமலைப் பக்கம் பித்தோராகரில் பல வருஷம் இருந்தார். பிறகு கேரளாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்துவிட்டார். 2007-ல் அங்கேயே காலமானார். வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்கிற காந்தியின் கருத்தைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டவர்.

திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் அவர் தனக்குக் கட்டிக்கொண்ட வீடு ஒரு பாறைச் சரிவில் இருக்கிறது. நாமாக இருந்தால் முதல் வேலையாக ஜே.சி.பி. கொண்டுவந்து நிலத்தைச் சமப்படுத்தியிருப்போம். அவர் பாறையையும் மரத்தையும் அதனதன் இடத்தில் விட்டுவிட்டு, சரிவு எப்படிப் போகிறதோ அப்படியே வீட்டையும் ஏற்றி இறக்கிக் கட்டினார். உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையக் கட்டடங்களிலும் அதே கதைதான். சுவரில் செங்கலை விட்டு விட்டு அடுக்கி ஜாலி வைப்பார். காற்று வரும், வெளிச்சம் வரும், கண் கூசும் வெயில் வராது. கேரளத்து மழைக்கு ஏற்றாற்போல் கூரையை இறக்கியிருப்பார்.

அவர் பரப்பிய இரண்டு விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று, செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் சுவர். எலிப்பொறிக் கட்டு என்று சொல்வார்கள். ஒன்பது அங்குலச் சுவர்தான். ஆனால் செங்கல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று வெயில் சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. மற்றொன்று, கான்கிரீட் கூரையின் அடிப்பாகத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்ப்பது. அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற கான்கிரீட்டுக்குப் பளு தாங்கும் வேலை அதிகம் இல்லை. அந்த இடத்தில் ஓட்டை வைத்தால் சிமென்ட்டும் மிச்சம், சூடும் குறைவு. இதற்கெல்லாம் பழகிய கொத்தனாரும் கணக்குப் போட்டுக் கொடுக்கும் இன்ஜினீயரும் வேண்டும் என்பது உண்மை. யூடியூப் பார்த்துவிட்டு நம் மேஸ்திரியிடம் "இதேமாதிரி போடுங்க" என்று சொல்லிவிடக் கூடாது.

நம் பக்கத்தில் ஆரோவில் இருக்கிறது. 1989-லிருந்து மண் கட்டுமானத்துக்கென்றே அங்கே ஒரு நிறுவனம் இயங்குகிறது. மண்ணோடு சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை. பல இடங்களில் மனையில் தோண்டின மண்ணே சுவராகிறது. மண் எடுத்த குழியை மழைநீர்த் தொட்டியாக்கிக்கொள்வதும் உண்டு. புதுச்சேரி போகிறவர்கள் பீச்சோடு திரும்பிவிடாமல், அங்கே பார்வையாளர் மையத்தின் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இதுவும் இப்போது ஃபேஷனாகிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஒரு வீடு பூசாத செங்கல் சுவரும் ஜாலியுமாக நிற்கிறது, பார்க்க லட்சணமாக இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஜாலிக்குப் பின்னால் கண்ணாடி! உள்ளே எல்லா ரூமிலும் ஏ.சி. இது இயற்கையோடு சேர்ந்த வீடு இல்லை, இயற்கை வேஷம் போட்ட வீடு. அதேபோல் 'எங்க தாத்தா வீடு மாதிரி கட்டப்போறேன்' என்று கிளம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முற்றம், தாழ்வாரம், ரேழி எல்லாம் சரி. தாத்தா வீட்டுச் சமையல்கட்டில் விறகுப் புகையில் பாட்டி இருமிக்கொண்டே இருந்ததும், மழையில் நனைந்துகொண்டு கொல்லைக்கு ஓடியதும், பிரசவமான பெண்ணைக் காற்றே இல்லாத இருட்டு உள்ளில் படுக்க வைத்ததும் அதே வீட்டில்தான். அத்தையிடம் கேட்டேன், "அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவீங்களா?" என்று. "காத்துக்குப் போவேன். கக்கூஸுக்குப் போகமாட்டேன்" என்றார்!

முற்றம் வைப்பவர்களுக்குக் கொசு பயமும் நியாயமானதே. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முற்றத்தில் அலங்காரத் தொட்டி வைத்துத் தாமரை விடுவதானால் மீன் விடுங்கள். இல்லையென்றால் அந்த ஆசையே வேண்டாம். தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுத்துக் கட்டின முற்றத்தில் கொசுவுக்கு வேலை இல்லை.

ஏ.சி. கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத் பட்ட பாட்டுக்குப் பிறகு, அந்த நகரம் 2013-ல் வெப்பத்துக்கென்றே ஒரு செயல் திட்டம் போட்டது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நிலைமை அப்படி. முடியாதவர்கள் இருக்கும் வீட்டில் ஏ.சி. சில நாட்களில் உயிர் காக்கும். ஆனால் சாதாரண ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. ரூமில் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது. கதவை அடைத்து நாலு பேர் படுத்தால், ஒருவர் தும்மியது மற்ற மூவருக்கும்தான். கோவிட் காலத்தில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று டாக்டர்கள் தொண்டை கிழியக் கத்தியது இதனால்தான். வெளி யூனிட் அனலைக் கக்குவது யார் ஜன்னலில்? பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில். அவரும் ஜன்னலை மூடி ஏ.சி. வாங்குகிறார். கரன்ட் போனால்? வெந்துகொண்டிருக்கும் அதே கான்கிரீட் பெட்டி. வெயிலைத் தடுத்துக் கட்டின வீட்டில் ஏ.சி. கொஞ்ச நேரம் ஓடினால் போதும். தடுக்காத வீட்டில் விடிய விடிய ஓடணும்.

மழையையும் விட்டுவிட முடியாது. எங்கள் நங்கநல்லூர் தெருவில் முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. இப்போது காம்பவுண்டுக்குள் ஒரு பிடி மண் கிடையாது. சுவரோடு சுவராக டைல்ஸ். வெயிலில் அது சூடேறி வீட்டுக்குள் அனல் அடிக்கிறது. மழையில் தண்ணீர் இறங்க இடமில்லாமல் சுவரோரம் நின்று, அடிச்சுவர் ஈரம் ஏறி, உள்ளே பூஞ்சைக் காளான் பிடிக்கிறது. வீஸிங் இருக்கிற குழந்தைக்கு அந்த வாசனையே போதும், நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிடும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாகப் பெய்யும் சுமார் 140 சென்டிமீட்டரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர்! மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டுவிட்டது. நம்மில் பலர் வீட்டில் குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழியைக் கடைசியாக எப்போது தூர் வாரினோம்? 2015-ல் வெள்ளத்தில் நின்றோம், 2019-ல் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம். இரண்டும் ஒரே தெருவில்!

சரி, எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கட்டின வீட்டை இடிக்க முடியுமா? வாடகை வீட்டுக்காரர்களும் ஃப்ளாட்காரர்களும் என்ன செய்வார்கள்? எல்லாம் செய்ய முடியாது. செய்ய முடிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதல் வேலையாக ரூமை மாற்றினோம். கீழே தென்கிழக்கில் இருந்த ரூம் என் மகனின் படிப்பு அறை. அவன் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் பகலெல்லாம் காலேஜில் இருப்பவனுக்கு மேற்கு ரூம் போதும், பகலெல்லாம் வீட்டில் இருப்பவருக்குத்தான் காற்று ரூம் வேண்டும். பைசா செலவில்லாத இந்த ஒரு காரியம்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது.

பிறகு மொட்டை மாடி. வெள்ளைக் குளிர்ச்சி டைல்ஸ் போட விலை விசாரித்தோம், கட்டுப்படியாகவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி ஊற வைத்து, கொஞ்சம் பசை சேர்த்து, மாசிக் கடைசியில் இரண்டு கோட் அடித்தோம். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மழைக்குப் பிறகு கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். பரவாயில்லை, பொங்கலுக்கு வெள்ளையடித்த ஜனங்கள்தானே நாம்! மதியம் அதன் மேல் நடந்தால் கண் கூசும் என்பது மட்டும் ஒரு குறை.

மாடி ரூமின் தெற்குச் சுவரை உடைத்துக் கீல் வைத்த ஜன்னல் ஒன்று வைத்தோம். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. மேற்குச் சுவருக்கு நிழல் கொடுக்க நான் முருங்கை வைக்கலாம் என்றேன். அத்தை தடுத்துவிட்டார். "கம்பளிப்பூச்சி ஏறிடும்மா. கம்பி கட்டி சுரைக்கொடி விடு. கூரை வீட்டுல நாங்க அதத்தான் ஏத்திவிடுவோம்." இந்தத் தடவை சிரிக்கவில்லை. சாக்கு நிறைய மண் போட்டு விதை ஊன்றினோம். சுவர் முழுக்கப் படரவில்லைதான். ஆனால் படர்ந்த இடத்தில் சாயங்காலம் கையை வைத்தாலே வித்தியாசம் தெரிகிறது. காய்த்த சுரைக்காயில் பாதி தெருவுக்கு.

மாடி ரூம் குளுகுளுவென்று ஆகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மே மாதத்தில் இன்னமும் புழுங்கத்தான் செய்கிறது. என் மகன் சில ராத்திரிகளில் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு இறங்கி வந்துவிடுகிறான். கட்டும்போது நாலு கோடு மாற்றிப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை, கட்டின பிறகு எவ்வளவு செலவு செய்தாலும் முழுசாக வாங்க முடியாது. அத்தைக்கு அதற்கப்புறம் மயக்கம் வரவில்லை. தென்கிழக்கு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூன்று மணிக்குக் கடற்காற்று ஏறும்போது, "வந்துடுச்சு பாரு" என்று யாரோ விருந்தாளி வந்த மாதிரி சொல்லுவார்.

போன வாரம் அடுத்த தெருக்காரர் ஒருவர் பிளானை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அவர் மனை மேற்குப் பார்த்த மனை. அப்பாவுக்கென்று முதல் மாடியில் தனி ரூம். "எலிவேஷன் எப்படி மேடம்?" என்று கேட்டார்.

நான் பிளானை அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, அப்பா எந்த ரூம்ல படுத்துப்பாரு?"

அவர் விரலை வைத்துக் காட்டினார். அத்தை என்னைப் பார்த்தார்.

கடைக்கால் தோண்ட இன்னும் ஒரு மாதம் இருக்கிறதாம். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் காலி மனையில் போய், ரூம் வரப்போகிற இடத்தில் குடையில்லாமல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.